வில்லியம் மார்ஷல்: வாழ்வும் வழித்தோன்றல்களும்

வில்லியம் மார்ஷல் (அண்ணளவாக 1147 – 14 மே 1219) நடுக்கால இங்கிலாந்தைச் சேர்ந்த பிரபு, போர்வீரர், அரசியல் தலைவர் ஆவார். நிலமோ பட்டமோ இல்லாத இளைய மகனாக வாழ்வைத் தொடங்கிய இவர், பெம்புரோக் பிரபுவாக உயர்ந்தார். தமது இறுதிக் காலத்தில் சிறுவனாக இருந்த மன்னர் மூன்றாம் ஹென்றியின் சார்பாக நாட்டின் ஆட்சிப் பொறுப்பையும் ஏற்றார். இளைய மன்னர் ஹென்றி, இரண்டாம் ஹென்றி, முதலாம் ரிச்சர்ட், ஜான், மூன்றாம் ஹென்றி ஆகிய முடிசூடிய ஐவருக்கு இவர் பணியாற்றினார். 1217 ஆம் ஆண்டில் லிங்கன் நகரில் இவர் பெற்ற வெற்றி, இங்கிலாந்தின் அரியணை பிரெஞ்சு இளவரசர் ஒருவரின் கைக்குப் போகாமல் தடுத்தது. மன்னர் ஜான் கைவிட்ட மாக்னா கார்ட்டா எனும் பெரும் பட்டயம் மீண்டும் உயிர்பெற்றதிலும் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. இவருக்கு ஐந்து ஆண் மக்கள் இருந்தும் ஆண்வழி மரபு ஒரே தலைமுறையில் அற்றுப்போனது. பெண்வழி மரபோ இங்கிலாந்து, ஸ்காட்லாந்து அரச குடும்பங்கள் வரை நீண்டது.

பெயரும் குடும்பமும்

'மார்ஷல்' என்பது முதலில் ஒரு பதவியின் பெயர். பழைய ஜெர்மானிய மொழியில் குதிரைப் பணியாள் என்று பொருள்படும் சொல்லிலிருந்து இது வந்தது. அரண்மனைக் குதிரைகளின் பராமரிப்பு, படையணிகளின் ஒழுங்கு, அரசவையின் காவல் ஆகியவை மார்ஷலின் கடமைகளாக இருந்தன. வில்லியமின் பாட்டனார் கில்பர்ட் மன்னர் முதலாம் ஹென்றியின் அரண்மனையில் இப்பதவியை வகித்தார். அவருக்குப் பின் அவருடைய மகன் ஜான் இதைப் பெற்றார். தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றதால் காலப்போக்கில் பதவியின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது.

ஜான் மார்ஷல் வாழ்ந்த காலம் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலமாகும். 1135 இல் முதலாம் ஹென்றி இறந்தபோது அவருடைய மகள் மெட்டில்டாவுக்குச் சேர வேண்டிய முடியை, அவருடைய மருமகன் முறையிலான ஸ்டீபன் கைப்பற்றினார். முதலில் ஸ்டீபன் பக்கம் இருந்த ஜான் பின்னர் மெட்டில்டாவின் பக்கம் சேர்ந்தார். 1141 இல் வெர்வெல் என்னும் இடத்தில் கன்னியர் மடம் தீப்பிடித்து எரிந்தபோது, கூரையிலிருந்து உருகி விழுந்த ஈயம் அவருடைய ஒரு கண்ணைப் பறித்தது. அண்டை நிலத்தவரான சாலிஸ்பரி பாட்ரிக்குடன் இருந்த பகையைத் தீர்த்துக்கொள்ள, ஜான் தம் முதல் மனைவியை விலக்கிவிட்டு பாட்ரிக்கின் சகோதரி சிபிலை மணந்தார். இத்திருமணத்தில் பிறந்த இரண்டாவது மகனே வில்லியம். முதல் மனைவியின் மக்களையும் சேர்த்தால் அவர் நான்காம் மகன் ஆவார். நிலவுடைமை முழுவதும் மூத்தவனுக்கே சேரும் அக்கால வழக்கத்தில், நான்காம் மகனுக்குக் கிடைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

பணயக்கைதியான சிறுவன்

1152 இல் ஸ்டீபன் நியூபரியில் இருந்த ஜானின் கோட்டையை முற்றுகையிட்டார். சரணடைவது பற்றி முடிவெடுக்க அவகாசம் கேட்ட ஜான், அதற்கு ஈடாக ஐந்து வயது அளவிலான வில்லியமைப் பணயக்கைதியாக ஒப்படைத்தார். ஆனால் கிடைத்த அவகாசத்தில் கோட்டைக்குள் உணவையும் ஆட்களையும் சேர்த்துக்கொண்டார். சிறுவனைக் கொன்றுவிடுவதாக மன்னர் தரப்பு அச்சுறுத்தியபோது, இவனைவிடச் சிறந்த பிள்ளைகளை உருவாக்கத் தம்மிடம் சம்மட்டியும் பட்டடையும் இருப்பதாக ஜான் விடை சொல்லி அனுப்பினாராம்.

அக்கால வழக்கப்படி சிறுவனின் உயிர் போயிருக்க வேண்டும். தூக்கு மரத்துக்குக் கொண்டு செல்லும் வழியில் வில்லியம் ஒரு வீரரிடம் ஈட்டியை விளையாடக் கேட்டான் என்றும், அதைக் கண்டு மனம் இளகிய ஸ்டீபன் அவனைக் கொல்ல மறுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. சில நாள்களுக்குப் பின் மன்னரும் சிறுவனும் கூடாரத்தில் செடித் தண்டுகளைக் குதிரை வீரர்களாகப் பாவித்து விளையாடிய காட்சியும் பதிவாகியுள்ளது. 1153 இல் மெட்டில்டாவின் மகன் ஹென்றியைத் தம் வாரிசாக ஸ்டீபன் ஏற்றுக்கொண்டார். போர் முடிந்து வில்லியம் வீடு திரும்பினார். கொடுத்த வாக்கைத் தந்தை மீறியதால் தம் உயிரே ஊசலாடிய இந்நிகழ்வு, வாக்குத் தவறாமையையே பெருமையாகக் கொண்ட அவருடைய பிற்கால வாழ்வுக்கு நேரெதிரானது.

நைட் பட்டமும் முதல் போரும்

பதின்மூன்று வயதளவில் வில்லியம் நார்மண்டிக்கு அனுப்பப்பட்டார். அங்கு தாய்வழி உறவினரான டாங்கர்வில் பிரபுவின் வீட்டில் குதிரையேற்றமும் ஆயுதப் பயிற்சியும் பெற்றார். 1165 இல் தந்தை இறந்தபோது சொத்தில் அவருக்குப் பங்கு எதுவும் கிடைக்கவில்லை. 1166–67 அளவில் அவர் 'நைட்' எனப்படும் கவசக் குதிரை வீரராகப் பட்டம் பெற்றார்.

அதையொட்டி டிரின்கூர் என்னும் ஊரில் நடந்த முதல் போரில் அவர் தீரமாகப் போரிட்டார். ஆனால் எவரையும் சிறைப்பிடிக்கவில்லை. தம் குதிரையையும் இழந்தார். அன்றிரவு விருந்தில் எசெக்ஸ் பிரபு, பரிசாகக் குதிரைச் சேணத்தின் வார் ஒன்று தரும்படி கேட்டார். தம்மிடம் எதுவும் இல்லை என்று வில்லியம் சொன்னபோது, இன்று மட்டும் நாற்பதுக்கு மேல் உன் கைக்கு வந்திருக்குமே என்று பிரபு கேலி செய்தார். பிடிபட்ட வீரனின் குதிரை, கவசம், மீட்புப் பணம் ஆகியவை பிடித்தவனுக்கே உரியவை என்பது அக்காலப் போர் மரபு. அதை மறந்த இளைஞர், பட்டமேற்றபோது அணிந்த மேலங்கியை விற்று ஒரு சுமைக் குதிரையை வாங்க நேர்ந்தது. இந்தப் பாடத்தை அவர் பின்னர் ஒருபோதும் மறக்கவில்லை.

1168 இல் வில்லியம் தம் மாமன் சாலிஸ்பரி பிரபு பாட்ரிக்குடன் பிரான்சின் புவாத்து பகுதிக்குச் சென்றார். அரசி எலினோருக்குத் துணையாகச் சென்ற அந்தக் குழுவை லூசினியன் குடும்பத்தினர் தாக்கினர். கவசம் அணியாத நிலையில் பாட்ரிக் பின்னாலிருந்து குத்திக் கொல்லப்பட்டார். தனியாக எதிர்த்து நின்ற வில்லியம் தொடையில் காயமுற்றுச் சிறைப்பட்டார். அரசி எலினோர் மீட்புப் பணம் செலுத்தி அவரை விடுவித்துத் தம் பணியில் சேர்த்துக்கொண்டார். அரச குடும்பத்துடன் அவருக்கு ஏற்பட்ட நெருக்கத்தின் தொடக்கம் இதுவே.

போர்ப்போட்டிகளில் புகழ்

1170 இல் மன்னர் இரண்டாம் ஹென்றி, தாம் உயிருடன் இருக்கும்போதே தம் மூத்த மகன் ஹென்றிக்கு முடிசூட்டினார். வரலாற்றில் 'இளைய மன்னர்' என்று அழைக்கப்படும் அவருக்கு ஆயுதப் பயிற்சி அளிக்கும் பொறுப்பு வில்லியமுக்குக் கிடைத்தது. 1173–74 இல் இளைய மன்னர் தந்தைக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தபோதும் வில்லியம் அவரோடு இருந்தார்.

இக்காலத்தில் வடக்கு பிரான்சில் போர்ப்போட்டிகள் பெரும் பொழுதுபோக்காக விளங்கின. பிற்காலத்தில் காணப்பட்டது போல இருவர் மட்டும் ஈட்டியுடன் மோதும் விளையாட்டாக அவை அப்போது இருக்கவில்லை. இரு பெரும் அணிகள் வயல்வெளிகளிலும் ஊர்த் தெருக்களிலும் பல கல் தொலைவுக்கு மோதிக்கொள்ளும் போலிப் போர்களாகவே இருந்தன. பிடிபட்டவர் குதிரையையும் கவசத்தையும் இழப்பார், அல்லது பணம் கொடுத்து மீள்வார். திறமையுள்ள ஏழை வீரருக்கு இது வருமானம் தரும் தொழில். வில்லியம் ரோஜர் தெ ஜுய் என்ற வீரருடன் கூட்டு வைத்துக்கொண்டு, பத்து மாதங்களில் 103 நைட்டுகளைப் பிடித்ததாகக் கணக்குக் குறிப்பு உள்ளது. வாழ்நாளில் ஏறத்தாழ 500 நைட்டுகளைப் பிடித்ததாக மரணப் படுக்கையில் அவரே கூறியதாகவும் சொல்லப்படுகிறது.

புகழ் பொறாமையையும் கொண்டுவந்தது. 1182 இல், இளைய மன்னரின் மனைவியான பிரான்சு இளவரசி மார்கரெட்டுடன் வில்லியமுக்குத் தகாத உறவு இருப்பதாகச் சிலர் குற்றம் சாட்டினர். போரிட்டுத் தம் குற்றமின்மையை நிறுவ அவர் கேட்ட வாய்ப்பு மறுக்கப்பட்டது. அரசவையிலிருந்து அவர் விலக வேண்டியதாயிற்று. இக்குற்றச்சாட்டு உண்மைதானா என்பதில் வரலாற்றாளர்களிடையே ஐயம் உண்டு.

1183 இல் மீண்டும் தந்தையை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த இளைய மன்னர் வில்லியமைத் திரும்ப அழைத்தார். ஆனால் அவ்வாண்டு ஜூன் 11 அன்று மார்டெல் என்னும் ஊரில் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தார். சிலுவைப் பயணம் செல்வதாகத் தாம் எடுத்திருந்த நேர்த்தியை நிறைவேற்றித் தம் அங்கியை எருசலேமுக்குக் கொண்டு செல்லுமாறு அவர் வில்லியமிடம் வேண்டினார். வில்லியம் அவ்வாறே புனித நாட்டுக்குச் சென்று 1186 அளவில் திரும்பினார். தம் உடலை டெம்ப்ளர் துறவுவீரர் சபையிடம் அடக்கத்துக்கு ஒப்படைக்க அங்கேதான் உறுதி செய்துகொண்டார். தம் பிரேதத்தின் மீது போர்த்துவதற்கான பட்டுத் துணிகளையும் அப்போதே வாங்கிவந்தார்.

இரண்டாம் ஹென்றியும் ரிச்சர்டும்

திரும்பி வந்த வில்லியம் இரண்டாம் ஹென்றியின் பணியில் சேர்ந்தார். வடமேற்கு இங்கிலாந்தில் கார்ட்மெல் நிலம் அவருக்குக் கிடைத்தது. அங்கு அவர் பின்னர் ஒரு துறவு மடத்தை நிறுவினார். 1189 இல் ஹென்றியின் மகன் ரிச்சர்ட் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்புடன் சேர்ந்து தந்தையைத் துரத்தினார். நோயுற்ற மன்னர் லெ மான் நகரிலிருந்து தப்பி ஓடியபோது, பின்தொடர்ந்த ரிச்சர்டை வில்லியம் வழிமறித்தார். ரிச்சர்ட் அப்போது முழுக் கவசம் அணிந்திருக்கவில்லை. அவரைக் கொல்லாமல் அவருடைய குதிரையை மட்டும் ஈட்டியால் குத்தி வீழ்த்தினார் வில்லியம்.

சில வாரங்களில், ஜூலை 6 அன்று, ஹென்றி இறந்தார், ரிச்சர்ட் மன்னரானார். பழிவாங்கப்படுவோம் என்று வில்லியமின் நண்பர்கள் அஞ்சினர். ஆனால் கடைசி வரை தம் தலைவரை விட்டு நீங்காத ஒருவரின் பயன் ரிச்சர்டுக்குத் தெரிந்திருந்தது. அவர் வில்லியமை மன்னித்ததோடு, நாட்டின் பெருஞ்செல்வ வாரிசுகளுள் ஒருவரான இசபெல் தெ கிளேரை மணந்துகொள்ளவும் அனுமதித்தார்.

திருமணமும் புதிய உயர்வும்

இசபெல், 'வலிய வில்' என்று புகழ்பெற்ற ரிச்சர்ட் தெ கிளேரின் மகள். அவருடைய தாய் ஈவா, அயர்லாந்தின் லீன்ஸ்டர் மன்னர் டயர்மெயிட் மக் முர்ச்சாடாவின் மகள். எனவே வேல்சு எல்லையில் செப்ஸ்டோ, நார்மண்டியில் லோங்வில்லின் ஒரு பகுதி, அயர்லாந்தில் லீன்ஸ்டர், பெம்புரோக் மீதான உரிமை ஆகிய அனைத்தும் அவர் வழியாக வந்தன. 1189 ஆகஸ்டில் லண்டனில் திருமணம் நடந்தபோது வில்லியமுக்கு ஏறத்தாழ 42 வயது. இசபெலுக்கு 17 அளவு. நாற்பதைக் கடந்தும் தமக்கென ஒரு கோட்டையும் இல்லாதிருந்த வீரர் ஒரே நாளில் நான்கு நிலப்பகுதிகளின் பிரபுவானார். இவர்களுக்கு ஐந்து ஆண்களும் ஐந்து பெண்களுமாகப் பத்து மக்கள் பிறந்தனர்.

1194 இல் அண்ணன் ஜான் இறந்ததால் மார்ஷல் பதவியும் வில்லியமுக்கு வந்தது. 1199 இல் ரிச்சர்ட் இறந்தபோது, வாரிசு அவருடைய தம்பி ஜானா, மற்றொரு தம்பியின் மகனான ஆர்தரா என்ற கேள்வி எழுந்தது. வில்லியம் ஜானை ஆதரித்தார். அவ்வாண்டு மே 27 அன்று, முடிசூட்டு நாளில், ஜான் அவருக்குப் பெம்புரோக் பிரபு என்ற 'ஏர்ல்' பட்டத்தை வழங்கினார்.

செப்ஸ்டோ, பெம்புரோக் கோட்டைகளை வில்லியம் விரிவுபடுத்தினார். பெம்புரோக் கோட்டையின் உயர்ந்த வட்டக் கோபுரம் அவர் கட்டியது. செப்ஸ்டோ கோட்டையின் பழைய மரக்கதவுகள் 1190 க்கு முற்பட்டவை என மர வளைய ஆய்வு காட்டியுள்ளது. அயர்லாந்தில் நியூ ரொஸ் துறைமுக நகரம், வெக்ஸ்ஃபர்ட் மாவட்டத்தின் டின்டர்ன் மடம் ஆகியவை அவருடைய நிறுவல்கள். கப்பல்களுக்கு வழிகாட்ட ஹூக் முனையில் அவர் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

மன்னர் ஜானுடன் மோதல்

1204 இல் பிரெஞ்சு மன்னர் பிலிப் நார்மண்டியைக் கைப்பற்றினார். அங்கு நிலம் வைத்திருந்த ஆங்கிலப் பிரபுக்கள் இரண்டில் ஒரு மன்னரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர். பெரும்பாலோர் ஒரு கரையின் நிலத்தை இழந்தனர். வில்லியம் மட்டும் 1205 இல் தம் நார்மன் நிலங்களுக்காகப் பிலிப்புக்கும் பணிவுறுதி அளித்து இரண்டையும் காத்துக்கொண்டார். இதன் விளைவாக, பிலிப்புக்கு எதிராகப் புவாத்துக்குப் படையெடுக்க ஜான் அழைத்தபோது அவரால் செல்ல முடியவில்லை. ஜான் இதைத் துரோகம் என்றார். உண்மையுள்ளவர் என்று புகழப்படும் வில்லியமின் வாழ்வில் நில நலனும் வாக்குறுதியும் நேருக்கு நேர் மோதிய இடம் இது.

வில்லியமின் மூத்த மகன் பணயக்கைதியாக மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டான். பின்னர் இரண்டாம் மகன் ரிச்சர்டும் அவ்வாறே ஆனான். ஒரு காலத்தில் தாம் இருந்த இடத்தில் தம் பிள்ளைகளை அவர் காண நேர்ந்தது. ஆனால் தம் தந்தையைப் போல அவர் நடந்துகொள்ளவில்லை. மன்னருக்கு எதிராக வாளை உயர்த்தாமல் பொறுத்திருந்தார்.

1207 இல் வில்லியம் லீன்ஸ்டருக்குச் சென்றார். அங்கு மன்னரின் ஆளுநராக இருந்த மெய்லர் ஃபிட்ஸ் ஹென்றி அவருக்கு எதிராக நின்றார். அவ்வாண்டு ஜான் வில்லியமை இங்கிலாந்துக்கு அழைத்தபோது, கருவுற்றிருந்த இசபெல் கில்கென்னியில் தங்கி நிலங்களைக் காத்தார். தாக்க வந்தவர்களை அவரும் கணவரின் ஆட்களும் முறியடித்தனர். 1210 இல் மன்னரின் சினத்துக்கு ஆளான வில்லியம் தெ பிரயோஸ் குடும்பத்துக்கு மார்ஷல் அடைக்கலம் தந்தது மற்றொரு நெருக்கடியை உண்டாக்கியது. பிரயோசின் மனைவியும் மூத்த மகனும் ஜானின் சிறையில் பட்டினியால் இறந்தனர். அத்தகைய மன்னரின் கீழ் மார்ஷல் தப்பிப் பிழைத்ததற்கு அவருடைய நிதானமே காரணம். 1213 இல், எதிரிகளால் சூழப்பட்ட ஜான் அவரை மீண்டும் தம் பக்கம் அழைத்துக்கொண்டார்.

மாக்னா கார்ட்டா

1215 இல் பாரன்கள் எனப்படும் நிலப்பிரபுக்கள் கிளர்ந்தெழுந்தபோது வில்லியம் மன்னர் பக்கமே நின்றார். கேன்டர்பரி பேராயர் ஸ்டீபன் லாங்டனுடன் சேர்ந்து இருதரப்புக்கும் இடையே பேச்சு நடத்தினார். ஜூன் 15 தேதியிட்ட மாக்னா கார்ட்டாவின் முகவுரையில் மன்னருக்கு ஆலோசனை கூறிய பிரபுக்களுள் முதலாவதாக அவருடைய பெயரே இடம்பெற்றுள்ளது. அதே நேரத்தில், பட்டயத்தை மன்னர் மீறாமல் கண்காணிக்க நியமிக்கப்பட்ட 25 பாரன்களுள் அவருடைய மூத்த மகன் இளைய வில்லியமும் ஒருவர். தந்தையும் மகனும் எதிரெதிர் அணிகளில் இருந்தனர்.

சில வாரங்களிலேயே ஜான் போப்பின் உதவியுடன் பட்டயத்தைச் செல்லாததாக்கினார். கிளர்ச்சியாளர்கள் பிரெஞ்சு இளவரசர் லூயியை அரியணையேற அழைத்தனர். 1216 மே மாதம் லூயி இங்கிலாந்தில் வந்திறங்கினார். லண்டன் அவர் கையில் இருந்தது. அக்டோபர் 18–19 இரவில் ஜான் நியூவார்க்கில் இறந்தார்.

ஆட்சிப் பொறுப்பாளர்

ஜானின் மகன் ஹென்றிக்கு அப்போது ஒன்பது வயது. நாட்டின் ஏறத்தாழ பாதி லூயியின் பிடியில் இருந்தது. கருவூலம் காலியாக இருந்தது. முடிசூட்டு இடமான வெஸ்ட்மின்ஸ்டரும் எதிரிகள் வசம் இருந்ததால், அக்டோபர் 28 அன்று குளோஸ்டரில் எளிய வளையம் ஒன்றை அணிவித்து ஹென்றிக்கு முடிசூட்டினர். அதற்கு முன் சிறுவனுக்கு நைட் பட்டம் அளித்தவர் வில்லியம்.

ஆட்சிப் பொறுப்பை ஏற்குமாறு பிரபுக்களும் போப்பின் தூதர் குவாலாவும் வேண்டியபோது வில்லியம் தயங்கினார். எழுபதை நெருங்கும் வயது, தோல்வியின் விளிம்பில் இருந்த அரசு, சேர்த்த அனைத்தையும் இழக்கும் ஆபத்து ஆகியவை அவர் முன் நின்றன. இறுதியில் அவர் ஏற்றுக்கொண்டார். எல்லோரும் கைவிட்டாலும் சிறுவனைத் தம் தோளில் சுமந்து தீவுக்குத் தீவு செல்வேன் என்று அப்போது அவர் சொன்னதாக அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

அவருடைய முதல் பெரும் நடவடிக்கை அரசியல் சார்ந்தது. 1216 நவம்பர் 12 அன்று பிரிஸ்டலில் மாக்னா கார்ட்டா திருத்தங்களுடன் மறுபடியும் வெளியிடப்பட்டது. புதிய மன்னருக்கு முத்திரை இல்லாததால் வில்லியமும் குவாலாவும் தங்கள் முத்திரைகளை இட்டனர். மன்னரைக் கட்டாயப்படுத்தும் 25 பாரன்கள் பற்றிய விதி நீக்கப்பட்டது; ஆனால் அடிப்படை உரிமைகள் நின்றன. கிளர்ச்சியாளர்கள் எதற்காகப் போரிட்டனரோ அதை அரசே வழங்கியதால் அவர்கள் லூயியின் பக்கம் நிற்கும் காரணம் வலுவிழந்தது. 1217 இன் தொடக்கத்தில் பலர் திரும்பி வந்தனர். அவர்களுள் இளைய வில்லியமும் ஒருவர்.

லிங்கன் போர்

1217 மே மாதம் லூயியின் படை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பகுதி டோவர் கோட்டையையும் மறு பகுதி லிங்கன் கோட்டையையும் முற்றுகையிட்டிருந்தன. லிங்கன் கோட்டையை மன்னர் சார்பில் காத்தவர் நிக்கோலா தெ லா ஹே என்ற பெண். எதிரி பிரிந்திருக்கும் வாய்ப்பை நழுவவிடாமல் வில்லியம் விரைந்தார். அவரிடம் 406 நைட்டுகளும் 317 குறுக்குவில் வீரர்களும் இருந்ததாகப் பதிவு உள்ளது.

மே 20 அன்று தாக்குதல் தொடங்கியது. தாக்கும் ஆவலில் முதிய வில்லியம் தலைக்கவசம் அணியாமலேயே குதிரையைச் செலுத்தினார். பணியாள் ஒருவன் நினைவூட்டிய பின்னரே அணிந்தார். ஒடுங்கிய தெருக்களில் போர் நடந்தது. கோட்டை மதிலிலிருந்து குறுக்குவில் வீரர்கள் பிரெஞ்சுக் குதிரைகளை வீழ்த்தினர். பேராலயத்தின் முன் நடந்த மோதலில் பிரெஞ்சுத் தலைவரான பெர்ஷ் பிரபு தோமா கண்ணில் குத்துப்பட்டு இறந்தார். அவர் வில்லியமின் உறவினரும் ஆவார். கிளர்ச்சிப் பிரபுக்கள் பெருந்தொகையாகச் சிறைப்பட்டனர். பின்னர் வெற்றி பெற்ற படை நகரைச் சூறையாடியது, தேவாலயங்களும் தப்பவில்லை. இவ்வெற்றியின் விலையைச் செலுத்தியவர்கள் லிங்கன் நகர மக்களே.

ஆகஸ்ட் 24 அன்று சான்ட்விச் அருகே நடந்த கடற்போரில் லூயிக்கு வந்த உதவிக் கப்பற்படையும் தோற்றது. செப்டம்பரில் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. லூயி 10,000 மார்க் பெற்றுக்கொண்டு நாடு திரும்பினார். கிளர்ச்சியாளர்களுக்கு நிலங்கள் திருப்பித் தரப்பட்டன. இந்த மென்மையைப் பிற்காலத்தில் குறை கூறியோர் உண்டு. ஆனால் பழிவாங்கல் தொடர்ந்திருந்தால் அடுத்த உள்நாட்டுப் போருக்கு அதுவே வித்திட்டிருக்கும். நவம்பரில் பட்டயம் மறுபடியும் வெளியிடப்பட்டது. உடன் காட்டுப் பட்டயமும் வந்தது. இந்தச் சிறிய பட்டயத்திலிருந்து வேறுபடுத்தவே முந்தியது 'பெரும் பட்டயம்' என்ற பெயரைப் பெற்றது.

இறுதி நாள்கள்

1219 இன் தொடக்கத்தில் நோயுற்ற வில்லியம், தேம்சு ஆற்றின் வழியே படகில் தம் கேவர்ஷம் வீட்டுக்குச் சென்றார். ஏப்ரலில் இளம் மன்னரின் பொறுப்பைப் போப்பின் புதிய தூதர் பண்டுல்ஃபிடம் ஒப்படைத்தார். முப்பது ஆண்டுகளாகக் காத்துவைத்த பட்டுத் துணிகளை எடுத்துவரச் செய்து, அவற்றைத் தம் பிரேதத்தின் மீது போர்த்துமாறு பணித்தார். டெம்ப்ளர் சபையின் அங்கியை ஏற்கும் முன், அவ்விதிகளின்படி இனிப் பெண்ணைத் தழுவ முடியாது என்பதால், மனைவி இசபெலைக் கடைசியாக முத்தமிட்டார்.

போட்டிகளில் பெற்ற பொருளையெல்லாம் திருப்பித் தந்தால்தான் மீட்பு உண்டு என்று மதகுருமார் போதித்ததை அவர் ஏற்கவில்லை. அப்படியானால் யாருக்குமே மீட்பில்லை என்றார். வீட்டில் இருந்த உயர்ந்த ஆடைகளை விற்று ஆன்மாவுக்காகச் செலவிடலாம் என்ற யோசனையையும் மறுத்து, வழக்கம்போல அவற்றைத் தம் வீரர்களுக்கு வழங்கச் சொன்னார். மே 14 அன்று இறந்தார். லண்டன் டெம்ப்ள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கு பேராயர் லாங்டன் அவரை உலகின் தலைசிறந்த நைட் என்று புகழ்ந்ததாகக் கூறப்படுகிறது. அவருடையது எனக் கருதப்படும் கற்படிமம் 1941 இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் சேதமுற்றாலும் இன்றும் அங்கு உள்ளது. இசபெல் 1220 இல் இறந்தார்.

ஆண்வழி மரபின் முடிவு

ஐந்து மகன்களும் அடுத்தடுத்து பெம்புரோக் பிரபுக்களாயினர். எவருக்கும் சட்டப்படியான வாரிசு பிறக்கவில்லை. மூத்தவரான இளைய வில்லியம் மன்னர் மூன்றாம் ஹென்றியின் தங்கை எலினோரை மணந்து 1231 இல் இறந்தார். இரண்டாமவரான ரிச்சர்ட், தம் தந்தை அரியணையேற்றிய அதே மன்னருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து, 1234 இல் அயர்லாந்தின் கில்டேர் சமவெளியில் பட்ட காயத்தால் மாண்டார். மூன்றாமவர் கில்பர்ட் 1241 இல் போர்ப்போட்டி ஒன்றில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். தந்தைக்குப் புகழும் பொருளும் தந்த களமே மகனின் உயிரைப் பறித்தது. வால்டர் 1245 நவம்பரிலும் ஆன்செல்ம் டிசம்பரிலும் இறந்தனர்.

இதற்குச் சாபமே காரணம் என்று அக்கால மக்கள் நம்பினர். அயர்லாந்தின் ஃபெர்ன்ஸ் ஆயருக்கு உரிய இரண்டு பண்ணைகளை வில்லியம் எடுத்துக்கொண்டார் என்றும், திருப்பித் தர மறுத்ததால் ஆயர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி, அவருடைய மகன்கள் மரபற்றுப் போவர் என்று சபித்தார் என்றும் மத்தேயு பாரிஸ் என்ற துறவி எழுதியுள்ளார். சாபம் பற்றிய இக்கதையில் வரலாற்று உண்மை ஒன்றும் பொதிந்துள்ளது. ஆங்கிலேயரின் வீரப் புகழுக்கு மறுபக்கமாக, நிலம் இழந்த ஐரிய மக்களின் மனக்குறையும் அக்காலத்தில் இருந்தது என்பதே அது.

மகள்களின் வழி

லீன்ஸ்டர் 1247 இல் ஐந்து மகள்களின் வழியாகப் பிரிக்கப்பட்டது.

மாட்: நார்ஃபோக் பிரபு ஹியூ பிகோடையும், பின்னர் சர்ரே பிரபு வில்லியம் தெ வாரனையும் மணந்தார். கார்லோ இவர் பங்கு. மார்ஷல் பதவி 1246 இல் இவருடைய மகன் ரோஜர் பிகோடுக்குச் சென்றது.

இசபெல்: குளோஸ்டர் பிரபு கில்பர்ட் தெ கிளேரையும், பின்னர் மன்னரின் தம்பியான கார்ன்வால் ரிச்சர்டையும் மணந்தார். கில்கென்னி இவர் வழியினருக்குச் சென்றது. ஸ்காட்லாந்தின் மன்னரான முதலாம் ராபர்ட் புரூஸ் (ஆட்சி 1306–1329) இவ்வழியில் வில்லியம் மார்ஷலின் பேத்தியின் பேரன் ஆவார்.

சிபில்: டார்பி பிரபு வில்லியம் தெ ஃபெரர்ஸை மணந்தார். கில்டேர் இவருடைய மகள்களிடையே பகிரப்பட்டது.

ஈவா: வில்லியம் தெ பிரயோஸை மணந்தார். அதே பெயருடைய பாட்டனாருக்குத்தான் முன்னர் மார்ஷல் அடைக்கலம் தந்திருந்தார். ஈவாவின் கணவர் 1230 இல் வேல்சு இளவரசர் லிவெலினால் தூக்கிலிடப்பட்டார். இவர்களுடைய மகள் வழியாக மோர்ட்டிமர் குடும்பத்துக்கும், அதன் வழியாக யார்க் மரபு மன்னர்களுக்கும் மார்ஷல் இரத்தம் சென்றது.

ஜோன்: வாரின் தெ மன்செனியை மணந்தார். வெக்ஸ்ஃபர்டும் பெம்புரோக்கும் இவருடைய மகளை மணந்த வில்லியம் தெ வாலன்சுக்குக் கிடைத்தன.

மார்ஷல் பதவி பிற்காலத்தில் பல கைகள் மாறியது. 1672 முதல் நார்ஃபோக் கோமகன்களான ஹோவர்ட் குடும்பத்தினரிடம் பரம்பரையாக உள்ளது. ஐக்கிய இராச்சியத்தில் முடிசூட்டு விழாவை ஒழுங்கு செய்வது இன்றும் அப்பதவியில் உள்ளவரின் கடமையாகும்.

வாழ்க்கை வரலாற்று நூல்

வில்லியமைப் பற்றிய செய்திகளுள் பெரும்பகுதி பழைய பிரெஞ்சு மொழியில் 19,214 அடிகளில் அமைந்த செய்யுள் நூல் ஒன்றிலிருந்து கிடைக்கிறது. அவருடைய மூத்த மகனின் ஆதரவில், நெருங்கிய துணைவர் எர்லி ஜானின் நினைவுகளைக் கொண்டு, ஜான் என்ற புலவரால் 1226 அளவில் எழுதி முடிக்கப்பட்டது. அரசரோ துறவியோ அல்லாத ஒருவருக்கு அக்காலத்தில் இவ்வளவு விரிவான வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டது அரிது. பல நூற்றாண்டுகள் மறைந்திருந்த இதன் கையெழுத்துப் படியை 1861 இல் லண்டன் ஏல விற்பனையில் கண்ட பிரெஞ்சு அறிஞர் போல் மேயர், இருபது ஆண்டுத் தேடலுக்குப் பின் மீண்டும் கண்டுபிடித்து 1891–1901 இல் பதிப்பித்தார். கையெழுத்துப் படி இப்போது நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் உள்ளது.

மகன் தந்தைக்காக எழுதச் செய்த நூல் என்பதால் அது புகழுரையாகவும் அமைந்துள்ளது. 1173–74 கிளர்ச்சியில் வில்லியமின் பங்கு, இளைய வில்லியம் லூயியின் பக்கம் இருந்த காலம், மாக்னா கார்ட்டா போன்ற சங்கடமான இடங்களை அது சுருக்கமாகக் கடந்துவிடுகிறது, அல்லது விட்டுவிடுகிறது. எனவே வரலாற்றாளர்கள் அதை அரசுப் பதிவேடுகள், பட்டயங்கள், துறவிகளின் ஆண்டுக்குறிப்புகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டே பயன்படுத்துகின்றனர். அவ்வாறு ஒப்பிட்ட பின்னும், தந்தை மீறிய வாக்கால் சாவின் வாயிலில் நின்ற சிறுவன், முதுமையில் மற்றொரு சிறுவனின் முடியைக் காத்த நிகழ்வு அரசுப் பதிவேடுகளாலும் உறுதியாகிறது.